தண்ணீர் விடாத கோடைக்கால சாலட்

பழமும் காய்கறியும் சேர்த்துச் செய்யும் சாலட் ருசியில் சொதப்புவது அபூர்வம். சொதப்புவது அதன் நிலைமையில்தான். கலக்கி வைத்த கொஞ்ச நேரத்தில் கிண்ணத்தின் அடியில் குளம் கட்டிவிடும். வெள்ளரி துவண்டுபோகும், மாம்பழம் கொழகொழத்துவிடும், மேலே தூவிய கடலை ஊறி நமத்துப்போகும். போட்ட எலுமிச்சையும் உப்பும் அந்தத் தண்ணீரில் கரைந்து கீழே போய்விடும். சப்பென்று இருக்கிறதே என்று இன்னும் கொஞ்சம் உப்பு போட்டால், அது இன்னும் கொஞ்சம் தண்ணீரை இழுத்து வெளியே விடும்.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. வெள்ளரிக்காயில் நூற்றுக்கு 95 பங்கு தண்ணீர். தர்பூசணியில் 91, 92 பங்கு. வெயில் காலத்தில் இவற்றைத் தேடிப் போவதே அந்தத் தண்ணீருக்காகத்தான். ஆகவே இந்த சாலட்டில் பாதி வேலை, எந்தத் தண்ணீரை முன்கூட்டியே வெளியேற்றுவது, எதை உள்ளேயே இருக்க விடுவது என்று முடிவு செய்வதுதான். டிரெஸ்ஸிங், மிளகு, புதினா எல்லாம் அதற்கு அடுத்தபடி. அந்தக் கணக்கில் செய்த சாலட் இது.

நான்கு பேருக்கு எடுத்த அளவு: தோல் நீக்கிய தர்பூசணி 600 கிராம், வெள்ளரிக்காய் 400 கிராம், கெட்டியாகப் பழுத்த மாம்பழம் ஒன்று, ஒரு கேரட், பாதி மாதுளை, சிவப்பு வெங்காயம் பாதி, ஒரு பச்சை மிளகாய், ஒரு கைப்பிடி புதினா. டிரெஸ்ஸிங்குக்கு எலுமிச்சைச் சாறு 2 டேபிள்ஸ்பூன், ஆலிவ் எண்ணெய் 2 டேபிள்ஸ்பூன், தேன் ஒரு டீஸ்பூன், கடுகு விழுது அரை டீஸ்பூன், மிளகுத்தூள். மேலே தூவ வறுத்த வேர்க்கடலை. உப்பைத் தனியாகச் சொல்கிறேன், அதற்கு இங்கே வேலை அதிகம்.

தர்பூசணி வாங்கும்போது தட்டிப் பார்ப்பதைவிட அடியைத் திருப்பிப் பார்ப்பது உத்தமம். கொடியில் கிடந்தபோது தரையில் பட்டிருந்த இடம் வெள்ளையாக இருந்தால் சீக்கிரம் பறித்தது. நல்ல மஞ்சளாக இருந்தால் நின்று பழுத்தது. ஒரே அளவில் இரண்டு இருந்தால் கையில் கனமாக இருப்பதை எடுங்கள். மாம்பழம் இந்த வேலைக்கு ரொம்பக் கனிந்திருக்கக் கூடாது. காம்புப் பக்கம் மணம் வர வேண்டும், ஆனால் அழுத்தினால் விரல் உள்ளே போகக் கூடாது. நன்றாகக் கனிந்ததை அப்படியே சாப்பிடுவதுதான் அதற்குச் செய்யும் மரியாதை. வெள்ளரி ஒல்லியாக, விறைப்பாக இருக்கட்டும். பருத்துப் பழுப்பேறத் தொடங்கியதில் விதையும் தண்ணீரும்தான் மிஞ்சும்.

எல்லாவற்றையும் வெட்டுவதற்கு முன்பே கழுவிவிட வேண்டும். தோலை எப்படியும் தூக்கிப்போடப் போகிறோமே என்று தர்பூசணியையும் மாதுளையையும் கழுவாமல் வெட்டுகிறவர்கள் நிறையப் பேர். தோலில் இருக்கும் மண்ணையும் கிருமியையும் கத்தி நேராக உள்ளே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். ஓடுகிற தண்ணீரில் கையாலோ பிரஷ்ஷாலோ தேய்த்தால் போதும், சோப்பு வேண்டாம். கழுவிய பிறகு துணியால் துடைக்க வேண்டும். ஈரத்தோடு வெட்டினால் பலகை வழுக்கும், அந்த ஈரமும் கிண்ணத்துக்குத்தான் போகும்.

முதல் வேலை வெள்ளரி. மற்றவற்றை வெட்டும் நேரத்தில் இது தன் பாட்டுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கட்டும் என்பதால் இதைத்தான் முதலில் தொடங்க வேண்டும். காம்புப் பக்கம் ஒரு விரற்கடை அளவு வெட்டி எறிந்துவிட்டு, அடுத்த சிறு துண்டை வாயில் போட்டுப் பார்த்தேன். வெள்ளரியின் கசப்புக்குக் காரணம் குக்கர்பிட்டசின் என்னும் பொருள். அது காம்புப் பக்கத்திலும் தோலை ஒட்டியும்தான் அதிகம் சேரும். லேசாகக் கசந்தால் தோலைக் கொஞ்சம் ஆழமாகச் சீவினால் சரியாகிவிடும். நாக்கு சுருங்கும் அளவுக்குக் கசந்தால் யோசிக்காமல் அந்தக் காயைத் தூக்கிப்போட வேண்டும், அந்தக் கசப்பு வயிற்றுக்கு ஆகாது.

தோலை முழுக்கச் சீவாமல் வரி வரியாக விட்டுச் சீவினேன். பச்சை வரி பார்க்க அழகு என்பது ஒரு பக்கம். தோல் இருக்கும் துண்டு வளையாமல் நிற்கும் என்பதுதான் முக்கியம். நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, நடுவில் இருக்கும் விதைக் கூழை ஒரு டீஸ்பூனால் ஒரே இழுப்பில் வழித்து எடுத்தேன். வெள்ளரியில் மொறுமொறுப்பே இல்லாத, வெறும் தண்ணீரான பகுதி அதுதான். பிறகு அரை விரல் கனத்துக்குப் பிறை பிறையாக நறுக்கி, சல்லடையில் போட்டு, முக்கால் டீஸ்பூன் உப்புத் தூவிப் பிசறி, அடியில் ஒரு கிண்ணத்தை வைத்தேன். எடையில் நூற்றுக்கு ஒரு பங்கு உப்பு என்பது நல்ல கணக்கு: 400 கிராம் வெள்ளரிக்கு 4 கிராம். கல் உப்பானால் டீஸ்பூன் அளவை நம்பாமல் எடை போட்டுக்கொள்ளுங்கள்.

ஐந்து நிமிஷத்தில் வெட்டிய பக்கமெல்லாம் வியர்த்தது போல முத்து முத்தாக நீர் அரும்பியது. செல்லுக்கு வெளியே உப்பு அதிகமாகும்போது உள்ளே இருக்கும் நீர் செல்சவ்வைத் தாண்டி வெளியே வந்துவிடும். பள்ளிக்கூடத்தில் படித்த சவ்வூடு பரவல்தான். இருபது நிமிஷம் கழித்துப் பார்த்தபோது அடிக் கிண்ணத்தில் ஏறக்குறைய மூன்று டேபிள்ஸ்பூன் வெளிர்பச்சைத் தண்ணீர். சாலட்டின் அடியில் தேங்கியிருக்க வேண்டிய தண்ணீர் அது. துண்டுகளைப் பார்த்தால் ஓரம் கொஞ்சம் கண்ணாடிபோல் மாறியிருந்தது, வளைத்தால் உடனே முறியவில்லை, ஆனால் கடித்தால் முன்னைவிட அழுத்தமான மொறுமொறுப்பு. இந்த அளவு உப்புக்குக் கழுவத் தேவையில்லை. கழுவினால் வெளியேற்றிய தண்ணீரை மறுபடி கூப்பிட்டு உட்கார வைப்பதாகிவிடும். சுத்தமான துணியில் கொட்டி, பிழியாமல் ஒற்றி எடுத்தால் போதும். வடிந்த தண்ணீரைக் கொட்ட மனம் வரவில்லை. எலுமிச்சை பிழிந்து குளிர்ந்த நீர் கலந்து குடித்தேன், உப்பு தனியாகப் போட வேண்டிய அவசியமே இல்லை.

இதே வைத்தியத்தைத் தர்பூசணிக்குச் செய்யக் கூடாது. வெள்ளரியின் சதை நெருக்கமானது, நீர் போனாலும் உருக்குலையாது. தர்பூசணியின் செல்கள் பெரியவை, கண்ணுக்கே தெரியும் அளவுக்குப் பெரியவை, செல்சுவர் மெல்லியது. உப்பு பட்டால் சாறெல்லாம் ஓடி, நார் மட்டும் கையில் நிற்கும். இங்கே தண்ணீரை உள்ளேயே காப்பாற்றுவதுதான் வேலை. அதற்கு இரண்டு வழி: துண்டைப் பெரிதாக வெட்டுவது, கடைசியில் சேர்ப்பது.

பெரிய துண்டு ஏன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. பக்கத்துக்கு 3 சென்டிமீட்டர் உள்ள ஒரு கனசதுரத்துக்கு வெளிப்பரப்பு 54 சதுர சென்டிமீட்டர். அதையே பக்கத்துக்கு 1 சென்டிமீட்டர் என்று 27 துண்டாக நறுக்கினால் மொத்த வெளிப்பரப்பு 162. பழம் அதே பழம்தான், ஆனால் கத்தி பட்டு உடைந்த செல்கள் மூன்று மடங்கு, ஒழுகும் வாசலும் மூன்று மடங்கு. பொடிப்பொடியாக நறுக்கிய தர்பூசணி சாலட் பாதி ஜூஸாகவே மேசைக்கு வருவது இதனால்தான். நான் 2.5 சென்டிமீட்டருக்குக் குறையாமல் வெட்டினேன். ஒரு வாய்க்கு ஒரு துண்டு, அதற்கு மேலே பெரிதானால் கரண்டியில் நிற்காது.

விதை எடுக்க ஒவ்வொன்றாகக் குத்திக்கொண்டிருக்க வேண்டாம். விதைகள் நடுச் சதைக்கும் தோலுக்கும் இடையே வரிசை கட்டித்தான் இருக்கும். அந்த வரிசை மேலேயே கத்தியை விட்டால் சதை இரண்டாகப் பிரிந்து, விதைகள் வெட்டுமுகத்தில் வெளியே தெரியும். முள்கரண்டியால் வழித்துவிடலாம். கத்தி மட்டும் கூர்மையாக இருக்க வேண்டும். மொட்டைக் கத்தி அறுக்காது, நசுக்கும். பலகையில் ஓடும் சிவப்புச் சாற்றைப் பார்த்தாலே கத்தியின் லட்சணம் தெரிந்துவிடும். வெட்டிய துண்டுகளை ஒரு சல்லடையில் ஒரே அடுக்காகப் பரப்பி, அடியில் தட்டு வைத்து, ஃப்ரிட்ஜில் வைத்தேன். எப்படி வெட்டினாலும் கொஞ்சம் சாறு வடியத்தான் செய்யும். அது தட்டில் வடியட்டும், சாலட்டில் வேண்டாம்.

மாம்பழத்தைக் கொட்டைக்கு இருபுறமும் கன்னம் கன்னமாக அறுத்து, தோலோடு கட்டம் போட்டு, கரண்டியால் வழித்து எடுத்தேன். கேரட்டைத் துருவக் கூடாது. துருவினால் சாறு விட்டு எல்லாவற்றிலும் ஆரஞ்சு நிறம் ஏறும். தோல் சீவியாலேயே மெல்லிய நாடாக்களாகச் சீவி, ஐஸ் தண்ணீரில் ஐந்து நிமிஷம் போட்டால் சுருண்டு விறைத்துக்கொள்ளும். பிறகு நன்றாக உதற வேண்டும். மாதுளையை ஒரு பெரிய பாத்திரத் தண்ணீருக்குள் வைத்தே உதிர்த்தால் முத்துகள் அடியில் தங்கும், வெள்ளைச் சவ்வு மேலே மிதக்கும். சுவரிலும் சட்டையிலும் கறை படாது.

வெங்காயத்தை இழை இழையாக நறுக்கி, குளிர்ந்த தண்ணீரில் பத்து நிமிஷம். நறுக்கும்போது செல் உடைந்து உண்டாகும் கந்தகச் சேர்மங்கள்தான் அந்தக் காரத்துக்குக் காரணம். அதில் பெரும்பகுதி தண்ணீரோடு போய்விடும். வடித்துவிட்டு ஒரு டீஸ்பூன் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்து வைத்தேன். மங்கலான ஊதா நிறம் கண் முன்னாலேயே பளிச்சென்ற ரோஜா நிறத்துக்கு மாறியது. சிவப்பு வெங்காயத்தின் நிறமி புளிப்பு பட்டால் அப்படித்தான் மாறும். இந்த ஒரு காரியத்தைச் செய்யாமல் பச்சை வெங்காயத்தை நேராகப் பழத்தோடு போட்டால், கால் மணி நேரத்தில் மாம்பழத்திலும் வெங்காய வாடைதான் வரும். வெங்காயமே வேண்டாம் என்கிறவர்களும் உண்டு. எனக்கு இது இல்லாவிட்டால் சாலட் இனிப்புப் பண்டம் ஆகிவிடுகிறது.

டிரெஸ்ஸிங்கை ஒரு சின்ன மூடி போட்ட பாட்டிலில் செய்வதுதான் சுலபம். வரிசை முக்கியம். முதலில் எலுமிச்சைச் சாறும் தேனும், தேன் கரையும் வரை குலுக்க வேண்டும். தேன் சாற்றில் கரையும், எண்ணெயில் கரையாது. எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினால் அது அடியில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். அப்புறம் கடுகு விழுது, மிளகுத்தூள், கடைசியாக எண்ணெய். மூடி நன்றாகக் குலுக்கினால் வெளிர் மஞ்சளாகக் கெட்டிப்படும். கடுகு விழுது இல்லாவிட்டால் எண்ணெயும் சாறும் சீக்கிரமே பிரிந்துவிடும். அரை டீஸ்பூன் போதும், கடுகு ருசி தனியாகத் தெரியாது. இலைகள் மட்டும் உள்ள சாலட்டுக்கு ஒரு பங்கு புளிப்புக்கு மூன்று பங்கு எண்ணெய் என்பது வழக்கமான கணக்கு. பழத்தோடு அந்த அளவு எண்ணெய் நாக்கில் பிசுபிசுக்கும், சமபங்கே சரி. எண்ணெயே இல்லாமலும் செய்யலாம்தான். ஆனால் கேரட்டிலும் மாம்பழத்திலும் இருக்கும் கரோட்டினும், தர்பூசணிக்குச் சிவப்பு தரும் லைக்கோப்பீனும் கொழுப்பில் கரைபவை; கூடக் கொஞ்சம் எண்ணெய் இருந்தால்தான் உடம்பு அவற்றை நன்றாக எடுத்துக்கொள்ளும்.

டிரெஸ்ஸிங்கைக் கரண்டியில் நக்கிப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. குளிர்ச்சியில் இனிப்பு மட்டுப்பட்டுத் தெரியும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த ஒரு மாம்பழத் துண்டையும் ஒரு வெள்ளரித் துண்டையும் அதில் தோய்த்துச் சாப்பிட்டுப் பாருங்கள். அப்போது தெரிவதுதான் நிஜ ருசி. இந்த மாம்பழம் கொஞ்சம் புளிப்பாக இருந்ததால் தேன் இன்னும் கால் டீஸ்பூன் சேர்த்தேன். டிரெஸ்ஸிங்கில் உப்பு போடவே இல்லை. வெள்ளரியில் ஏற்கெனவே இருக்கிறது.

கலக்க அகலமான பாத்திரம் எடுத்து, அதையும் முன்பே குளிர வைத்திருந்தேன். முதலில் வெள்ளரி, கேரட், வெங்காயம், பொடியாக அரிந்து விதை நீக்கிய மிளகாய். இவற்றின் மேல் டிரெஸ்ஸிங்கில் முக்கால் பங்கை ஊற்றிப் பிரட்டினேன். துண்டுகள் உலர்ந்திருந்தால்தான் டிரெஸ்ஸிங் ஒட்டும். ஈரத்தில் எண்ணெய் வழுக்கிக் கீழே போய்விடும். துடைத்ததும் ஒற்றியதும் இந்த இடத்துக்காகத்தான். பிறகு மாம்பழமும் மாதுளையும். கடைசியில் தர்பூசணி, மீதி டிரெஸ்ஸிங். இங்கே கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கையால் அடியிலிருந்து மேலே இரண்டு மூன்று தரம் புரட்டினால் போதும். எல்லாத் துண்டிலும் எல்லாம் படவேண்டிய அவசியமில்லை. அங்கங்கே வெறும் தர்பூசணி வாயில் அகப்படுவதும் நல்லதுதான்.

புதினாவை இந்தக் கட்டத்தில்தான் தொட வேண்டும். இலைகளை அடுக்கிச் சுருட்டி, கூரான கத்தியால் ஒரு தடவை மட்டும் அரிய வேண்டும். திரும்பத் திரும்பக் கொத்தினால் செல்கள் நசுங்கி, நொதியும் காற்றும் சேர்ந்து இலையைக் கறுக்க வைக்கும். நறுக்கிய ஆப்பிள் பழுப்பாவதும் இதே வேலைதான். மாம்பழம் கிடைக்காத நாளில் ஆப்பிள் போடுவதானால், நறுக்கியவுடன் எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரில் போட்டு எடுத்தால் நிறம் மாறாது. புளிப்பில் அந்த நொதி மந்தமாகிவிடும்.

வேர்க்கடலை பரிமாறும் தட்டில், அதுவும் உட்காரும்போது. உப்பும் அப்போதுதான், தர்பூசணித் துண்டுகளின் மேல் ஒரு சிட்டிகை மட்டும். கொஞ்சம் உப்பு கசப்பை அமுக்கிவிடுவதால் இனிப்பு தூக்கலாகத் தெரியும்.

இவ்வளவு மெனக்கெடுவது தேவைதானா என்று பார்க்க, ஒரு சின்னக் கிண்ணத்தில் அதே சாலட்டை உப்பில் வடிக்காத, விதை எடுக்காத வெள்ளரி போட்டு, தர்பூசணியைப் பொடியாக நறுக்கிப் போட்டு, உப்பையும் முதலிலேயே கலந்து வைத்தேன். அரை மணி நேரத்தில் அதில் துண்டுகள் பாதி முங்கிக் கிடந்தன. டிரெஸ்ஸிங் வெளிறிப்போய் இளஞ்சிவப்புத் தண்ணீராகியிருந்தது, கேரட் மட்டும்தான் கடிக்கும்படி இருந்தது. ருசி மோசமில்லை, ஆனால் ஸ்பூனால் குடிக்கிற பதார்த்தம் அது. பெரிய கிண்ணத்தைச் சாய்த்துப் பார்த்தபோது அடியில் ஒரு மெல்லிய படலம் மட்டும், ஒரு டேபிள்ஸ்பூன் தேறினால் அதிகம்.

வேறு பழங்கள் சேர்க்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. எலுமிச்சை டிரெஸ்ஸிங்கில் அன்னாசி தாராளமாகப் போடலாம். தயிர் டிரெஸ்ஸிங் என்றால் பச்சை அன்னாசி கூடாது. அதிலிருக்கும் புரோமிலைன் என்னும் நொதி தயிரின் புரதத்தைச் சிதைத்துவிடும், நேரமாக ஆக தயிர் நீர்த்துக் கசக்கும். டின்னில் வரும் அன்னாசி சூடுபட்டது என்பதால் அந்தத் தொல்லை இல்லை. வாழைப்பழத்தை நான் சேர்க்க மாட்டேன், கலக்கும்போதே மசிந்துவிடுகிறது. பீட்ரூட் போட்டால் எல்லாம் ஒரே நிறம், அதற்குத் தயாரானால் போடுங்கள். தக்காளிக்கு மட்டும் வெள்ளரியின் விதியைப் பொருத்த வேண்டாம்: அதன் ருசி விதையைச் சுற்றியுள்ள கூழில்தான் அதிகம். கூழை வழித்து வடிகட்டி டிரெஸ்ஸிங்கில் சேர்த்துவிட்டு, சதையை மட்டும் துண்டாகப் போடலாம். அப்போது எலுமிச்சையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும்.

விருந்துக்கு முன்கூட்டியே செய்து வைக்கலாமா என்றால், பகுதி பகுதியாகச் செய்து வைக்கலாம். டிரெஸ்ஸிங், எலுமிச்சையில் ஊறிய வெங்காயம், மாதுளை முத்து, ஈரத்துணியில் சுற்றிய கேரட் நாடா, இவை முந்தின இரவே தயாராகலாம். வெள்ளரியை இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் வடித்து, துணி விரித்த டப்பாவில் வைக்கலாம். தர்பூசணியை வெட்டி வடிய விடலாம், கலக்கக் கூடாது. புதினா கடைசி நிமிஷம்.

வெட்டிய பழம் வெளியே எவ்வளவு நேரம் இருக்கலாம் என்பதில் விளையாட்டு வேண்டாம். தர்பூசணியில் புளிப்புக் குறைவு, சர்க்கரையும் தண்ணீரும் நிறைய. கிருமி வளர அதைவிட வசதி வேண்டாம். சாதாரண அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரம்தான் கெடு, 32 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெயில் அடிக்கும் நாளில் ஒரு மணி நேரம். வெளியில் வைத்துப் பரிமாறுவதானால் ஐஸ்கட்டி நிரப்பிய பெரிய பாத்திரத்துக்குள் கிண்ணத்தை வைத்துவிடலாம். கெடு தாண்டியதை மறுபடி ஃப்ரிட்ஜில் வைத்துக் காப்பாற்ற முடியாது, குளிர் கிருமியை மெதுவாக்கும், கொல்லாது. நேரத்துக்குள் எடுத்து வைத்த மிச்சம் 4 டிகிரி குளிரில் அடுத்த நாள் வரை தாங்கும், ஆனால் மொறுமொறுப்பை எதிர்பார்க்க வேண்டாம். எங்களுக்கு மிஞ்சியது ஒரு கப் இருக்கும். அதில் வெங்காயத்தையும் மிளகாயையும் பொறுக்கி எடுத்துவிட்டு, மற்றதைச் சாறோடு மிக்ஸியில் அடித்து, வடிகட்டி, ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்திருக்கிறேன்.